ஐக்கிய அமெரிக்கச் சிற்றூர்களில் பள்ளி வாழ்வும் பள்ளிப்பற்றும்

ஐக்கிய அமெரிக்காவில் அரசுப் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு பள்ளி மாவட்டம் எனப்படுகின்றது. நாடு முழுவதும் 13,000 க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழப் பாதி நாட்டுப்புறங்களிலும் சிற்றூர்களிலும் அமைந்தவை. ஒரு தொடக்கப் பள்ளி, ஓர் உயர்நிலைப் பள்ளி, சில நூறு மாணவர்கள், சில மஞ்சள் நிறப் பேருந்துகள் ஆகியவற்றோடு முடிந்துவிடும் மாவட்டங்கள் பல. இத்தகைய ஊர்களில் பள்ளியே பெரும்பாலும் மிகப் பெரிய கட்டடம். அதிகம் பேருக்கு வேலை தரும் இடமும் அதுவாகவே இருப்பதுண்டு. எனவே அங்கு வகுப்பறையில் நடப்பதும், வெள்ளிக்கிழமை இரவு விளையாட்டுத் திடலில் நடப்பதும் ஊரின் பொது நிகழ்வுகளாகக் கருதப்படுகின்றன. இவை ஊரை ஒன்றுசேர்த்தன. அதே வேளையில் சேர மறுத்தவர்களையும், சேர்க்கப்படாதவர்களையும் வெளியே நிறுத்தின. அந்நாட்டின் புகழ்பெற்ற கல்வி வழக்குகள் பல சிற்றூர்ப் பள்ளிகளில் தொடங்கியமைக்கு இதுவே காரணம்.

பெயர் விளக்கம்

இங்கு மாவட்டம் என்பது தமிழ்நாட்டில் ஆட்சியர் தலைமையில் இயங்கும் வருவாய் மாவட்டம் அன்று. அதற்கு ஓரளவு இணையான அமெரிக்க அமைப்பு கவுன்டி எனப்படும். ஒரே கவுன்டிக்குள் பத்துப் பதினைந்து பள்ளி மாவட்டங்கள் இருக்கக்கூடும். பள்ளி மாவட்டத்தை ஒரு சிறப்பு ஊராட்சியாகக் கற்பனை செய்துகொண்டால் குழப்பம் இராது. அதன் ஒரே பணி பள்ளி நடத்துவது.

தன் பள்ளியின் மீது மாணவரும் ஊராரும் வெளிப்படையாகக் காட்டும் பற்றினைக் குறிக்கும் ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. மொழிப்பற்று, ஊர்ப்பற்று என்பன போல இக்கட்டுரையில் பள்ளிப்பற்று என்ற சொல் பயன்படுத்தப்படுகின்றது.

அமைப்பும் நிதியும்

1647 இல் மாசச்சூசெட்ஸ் குடியேற்றம் இயற்றிய சட்டம், 50 குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரும் எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்றது. 1785 இன் நில ஆணை, புதிதாக அளக்கப்பட்ட ஒவ்வோர் ஊரக வட்டத்தின் 36 நிலப் பிரிவுகளில் 16 ஆவது பிரிவைப் பள்ளிக்காக ஒதுக்கியது. இவ்வாறு நிலப்பகிர்வோடே பள்ளியும் வளர்ந்ததால், அதன் நிர்வாகம் நடுவண் அரசிடம் செல்லாமல் ஊராரிடமே தங்கியது.

பெரும்பாலான பள்ளி மாவட்டங்களை ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் ஆள்கின்றது. பென்சில்வேனியாவில் இவ்வாரியத்தின் ஒன்பது உறுப்பினர்களுக்கும் ஊதியம் கிடையாது. வாரியம் ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கின்றது. அவரே நாள்தோறும் நிர்வாகத்தை நடத்துபவர். குளிர்காலத்தில் அதிகாலையில் சாலையின் பனியைப் பார்த்துப் பள்ளிக்கு விடுமுறை அறிவிப்பவரும் பெரும்பாலும் அவரே. எல்லா மாநிலங்களும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. மேரிலாந்தில் கவுன்டி அளவிலேயே பள்ளிகள் நடத்தப்படுகின்றன. ஹவாய் முழுவதும் ஒரே மாவட்டம்.

செலவில் நடுவண் அரசின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று மட்டுமே. எஞ்சியதை மாநிலமும் ஊரும் ஏறக்குறையச் சமமாக ஏற்கின்றன. ஊரின் பங்கு பெரும்பாலும் வீடு, நிலம் மீதான சொத்து வரியில் இருந்து வருகின்றது. சொத்து மதிப்புக் குறைந்த ஊரில் வரி வீதம் கூடுதலாக இருந்தாலும் பள்ளிக்குக் கிடைக்கும் பணம் குறைவு. டெக்சாசில் இத்தகைய ஏழை மாவட்டம் ஒன்றின் பெற்றோர் தொடுத்த வழக்கில், இவ்வேற்றுமை நடுவண் அரசியலமைப்புக்கு முரணானது அன்று என 1973 இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் இச்சிக்கல் மாநில நீதிமன்றங்களுக்கு மாறியது.

பள்ளி நாள்

நாட்டுப்புற மாணவரின் பள்ளி நாள் பேருந்தில் தொடங்குகின்றது. இப்பேருந்துகள் நாடெங்கும் ஒரே மஞ்சள் நிறத்தில் இருப்பது தற்செயல் அன்று. 1939 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பிராங்க் சைர் என்ற பேராசிரியர் ஒரு மாநாட்டைக் கூட்டினார். அவர் நெப்ராசுக்காவில் வளர்ந்தவர். நாட்டுப்புறக் கல்வியை ஆய்ந்தவர். அதுவரை ஒவ்வோர் ஊரும் தன் விருப்பப்படி வண்டிகளுக்கு நிறம் தீட்டியது. அதிகாலையின் மங்கிய ஒளியிலும் கறுப்பு எழுத்துக்கள் தெளிவாகத் தெரியும் என்பதால் இம்மாநாடு மஞ்சளைத் தேர்ந்தது.

மணி அடித்ததும் பெரும்பாலான பள்ளிகளில் மாணவர் எழுந்து, வலக்கையை நெஞ்சின் மேல் வைத்துக் கொடி உறுதிமொழி கூறுகின்றனர். பின்னர் வருகைப் பதிவு, ஒலிபெருக்கி அறிவிப்புகள், அன்றைய மதிய உணவு விவரம் ஆகியன தொடர்கின்றன. உறுதிமொழியை 1892 இல் எழுதியவர் பிரான்சிசு பெல்லமி. 1942 வரை இதனைக் கூறும்போது கையைக் கொடியை நோக்கி நீட்டும் வழக்கம் இருந்தது. அது நாட்சி வணக்கத்தை ஒத்திருந்ததால் கைவிடப்பட்டது. கடவுளைக் குறிக்கும் தொடர் 1954 இல் சேர்க்கப்பட்டது.

அரை நிமிடத்தில் முடிந்துவிடும் இச்சடங்கு பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் உள்ள மைனர்சுவில் என்னும் சிற்றூரில் பெரும் வழக்கானது. 1935 இல் அங்கு ஏழாம் வகுப்பில் படித்த 12 வயதுச் சிறுமி லிலியனும், ஐந்தாம் வகுப்பில் படித்த அவரது தம்பி வில்லியமும் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தனர். அவர்களது குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தது. கொடி வணக்கத்தை அப்பிரிவினர் உருவ வழிபாடாகக் கருதினர். பள்ளி வாரியம் இருவரையும் நீக்கியது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் பிள்ளைகளின் பக்கம் நின்றன. ஆனால் 1940 சூனில், ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தபோது, உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் பள்ளி மாவட்டத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நாட்டொற்றுமைக்கு இச்சடங்கு தேவை என்பது நீதிபதி பிராங்க்பர்ட்டரின் வாதம். தீர்ப்பைத் தொடர்ந்து பல ஊர்களில் இப்பிரிவினர் தாக்கப்பட்டனர். மெய்ன் மாநிலத்தின் கென்னபங்கில் அவர்களது வழிபாட்டுக் கூடம் எரிக்கப்பட்டது.

மூன்றே ஆண்டுகளில் நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. மேற்கு வர்சீனியாவில் இருந்து வந்த பார்னெட் வழக்கில், மாணவரை உறுதிமொழி கூறக் கட்டாயப்படுத்தக் கூடாது என 1943 சூன் 14 அன்று தீர்ப்பு வந்தது. அந்நாள் அமெரிக்கக் கொடி நாளாகவும் அமைந்தது. இன்றும் இதுவே சட்டம். ஆயினும் டெக்சாசு, புளோரிடா போன்ற மாநிலங்கள் மாணவர் விலகி இருக்கப் பெற்றோரின் எழுத்துமூல இசைவைக் கேட்கின்றன. வகுப்பில் எல்லோரும் நிற்க ஒருவர் மட்டும் அமர்ந்திருப்பது சட்டப்படி எளிது. முப்பது பேரும் ஒருவரையொருவர் அறிந்த ஊரில் எளிதன்று.

மழலையர் வகுப்பில் காலை நேரம் தரை விரிப்பில் வட்டமாக அமர்வதோடு தொடங்குகின்றது. நாட்காட்டியில் தேதியை ஒட்டுதல், வெளியே வெயிலா மழையா என்று பார்த்துச் சொல்லுதல், வீட்டில் இருந்து கொண்டுவந்த ஒரு பொருளைக் காட்டி அதைப் பற்றி எல்லோர் முன்னும் பேசுதல் ஆகியன வழக்கமான செயல்கள். வரிசையை முன்னின்று நடத்துபவர், கதவைப் பிடிப்பவர், செடிக்கு நீர் ஊற்றுபவர் எனச் சிறு பொறுப்புகள் வாரந்தோறும் சுழற்சி முறையில் தரப்படுகின்றன. ஐந்து வயதுப் பிள்ளையை எழுந்து நின்று பேச வைப்பது இம்முறையின் சிறந்த கூறு எனலாம். மேல் வகுப்புகளில் வெள்ளிக்கிழமைச் சொல்லெழுத்துத் தேர்வு, ஆசிரியர் உரக்க நூல் வாசித்தல், அறிவியல் கண்காட்சிக்கான செய்முறை ஆகியன இடம்பெறுகின்றன.

ஆறாம் அல்லது ஏழாம் வகுப்பில் இருந்து மாணவரே பாடவேளைக்குப் பாடவேளை அறை மாறுகின்றனர். ஆசிரியர் தம் அறையிலேயே இருக்கின்றார். இடைவேளை நான்கைந்து நிமிடங்களே. அதற்குள் நடைகூடத்தில் உள்ள இரும்புப் பெட்டகத்தைத் திறந்து நூல்களை மாற்றிக்கொள்ள வேண்டும். சிறிய பள்ளிகளில் கணித ஆசிரியரே கூடைப்பந்துப் பயிற்சியாளராகவும், சில வேளைகளில் பேருந்து ஓட்டுநராகவும் இருப்பார். வேளாண்மைக் கல்வி பல ஊர்களில் பாடமாகவே உள்ளது. 1928 இல் கன்சாசு நகரில் தொடங்கப்பட்ட வருங்கால உழவர் மாணவர் அமைப்பின் நீல நிறக் கார்டுராய் மேலாடை, அவ்வூர்களில் விளையாட்டு வீரரின் மேலாடைக்குச் சற்றும் குறையாத மதிப்பு உடையது.

மதிய உணவு 1946 இன் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகின்றது. பொதுவாக இது தமிழ்நாட்டுச் சத்துணவு போல அதனை உண்ணும் எல்லாருக்கும் இலவசமானது அன்று. குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் இலவசம். 185 விழுக்காடு வரை குறைந்த விலை. மற்றவர் முழு விலை தர வேண்டும். கலிபோர்னியா, மெய்ன் உள்ளிட்ட சில மாநிலங்கள் 2022 முதல் எல்லா மாணவருக்கும் இலவசமாக்கின.

தீ, சூறாவளி ஆகியவற்றுக்கான ஒத்திகைகள் நெடுங்காலமாக உள்ளவை. 1999 இல் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டிற்குப் பின் கதவடைப்பு ஒத்திகையும் பரவியது. கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, வெளியில் இருந்து பார்த்தால் தெரியாத மூலையில் பிள்ளைகள் ஓசையின்றி அமர்கின்றனர். 2012 இல் நியூடவுனில் 20 சிறுவரும் 6 பெரியவரும், 2022 இல் உவால்டியில் 19 சிறுவரும் 2 ஆசிரியரும் கொல்லப்பட்டனர். இரண்டும் பெருநகரங்கள் அல்ல.

பள்ளிப்பற்று

ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு நிறங்கள், ஒரு பாடல், மஸ்காட் எனப்படும் ஓர் அணிச் சின்னம் உண்டு. சின்னம் பெரும்பாலும் கரடி, புலி, கழுகு போன்ற விலங்காக இருக்கும். சில ஊர்கள் தம் தொழிலையே சின்னமாக்கின. மேலே கூறிய மைனர்சுவில் பள்ளியின் அணியினர் போரிடும் சுரங்கத் தொழிலாளர் என்றே அழைக்கப்படுகின்றனர். அமெரிக்கப் பழங்குடியினரைச் சின்னமாகக் கொண்ட பள்ளிகளும் பல. பழங்குடியினர் இதனை நெடுங்காலமாக எதிர்த்து வந்தனர். 2019 இல் மெய்ன் மாநிலம் பொதுப் பள்ளிகளில் இத்தகைய சின்னங்களைத் தடை செய்தது. அவ்வாறு செய்த முதல் மாநிலம் அதுவே.

இலையுதிர் காலத்தில் நடைபெறும் ஹோம்கமிங் எனப்படும் பழைய மாணவர் வரவேற்பு விழா ஆண்டின் உச்சக்கட்டம். அவ்வாரம் முழுவதும் ஒவ்வொரு நாளும் ஒரு வேடிக்கை உடை நாள்: ஒரு நாள் இரவுடையில் வருவர், மறுநாள் முந்தைய பத்தாண்டுகளின் உடையில் வருவர், வெள்ளிக்கிழமை அனைவரும் பள்ளி நிறங்களை அணிவர். அன்று பிற்பகல் வகுப்புகள் சுருக்கப்பட்டு உடற்பயிற்சிக் கூடத்தில் ஊக்கக் கூட்டம் நடைபெறும். அணிவகுப்பு இசைக்குழு வாசிக்க, உற்சாகமூட்டும் குழுவினர் கோஷம் எழுப்ப, ஒவ்வொரு வகுப்பும் மற்றதை விட உரக்கக் கத்த முயலும். பின்னர் முதன்மைத் தெருவில் ஊர்வலம். இரவில் அமெரிக்கக் காற்பந்தாட்டம். மறுநாள் நடன விழா. படித்த காலத்தில் பெரிதாக விளையாடாதவரும் இவ்வாட்டத்திற்கு வந்து பழைய இடத்திலேயே அமர்வது வழக்கம்.

அணிக்கு 11 பேர் தேவைப்படும் இவ்விளையாட்டைச் சிறிய பள்ளிகள் எவ்வாறு ஆடின? நெப்ராசுக்காவில் ஆசிரியராக இருந்த சுடீபன் எப்ளர் 1934 இல் ஆறு பேர் ஆடும் முறையை உருவாக்கினார். முதல் ஆட்டம் அவ்வாண்டு செப்டம்பரில் ஹெப்ரான் என்ற ஊரில் நடந்தது. ஆறு பேரும் கிடைக்காததாலோ என்னவோ, களமிறங்கிய இரு அணிகளுமே இரண்டிரண்டு பள்ளிகளின் கூட்டணிகள். டெக்சாசில் இம்முறை இன்றும் ஆடப்படுகின்றது.

கூடைப்பந்தாட்டத்திற்கு ஐவர் போதும் என்பதால் சிற்றூர்கள் அதில் ஒளிர்ந்தன. 1954 இல் 161 மாணவர்களே படித்த மைலன் உயர்நிலைப் பள்ளி, பல மடங்கு பெரிய மன்சி சென்ட்ரல் பள்ளியை 32-30 என்ற கணக்கில் வென்று இந்தியானா மாநில வாகையர் ஆனது. 1986 இல் வெளிவந்த ஹூசியர்ஸ் திரைப்படம் இவ்வெற்றியைத் தழுவியது. அக்காலத்தில் பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற பிரிவின்றி ஒரே போட்டி நடந்தது. 1997-98 இல் இந்தியானா பள்ளிகளை நான்கு பிரிவுகளாகப் பிரித்தது. சிறிய பள்ளிகளுக்கும் கோப்பை கிடைக்கின்றது. ஆனால் மற்றொரு மைலன் இனி அமைய இயலாது.

மாணவிகளுக்கு நெடுங்காலம் பார்வையாளர் பகுதியே ஒதுக்கப்பட்டது. அயோவா ஒரு விதிவிலக்கு. அங்கு 1920 முதல் மாணவியருக்கான மாநிலக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. அணிக்கு அறுவர், மூவர் தாக்க, மூவர் காக்க, நடுக்கோட்டை யாரும் கடக்கக் கூடாது என்ற இம்முறை 1993 வரை நீடித்தது. நாடளவில், பால் பாகுபாட்டைத் தடை செய்த 1972 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன் உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் பங்கேற்ற மாணவியர் மூன்று இலட்சத்திற்கும் குறைவு. இன்று முப்பது இலட்சத்திற்கும் அதிகம்.

பற்றைக் கட்டாயமாக்கலாமா என்ற கேள்வி விளையாட்டுத் திடலிலும் எழுந்தது. டெக்சாசின் சான்டா பே என்ற ஊரில் ஆட்டத்திற்கு முன் ஒலிபெருக்கியில் மாணவர் ஒருவர் வழிபாடு நடத்தும் வழக்கம் இருந்தது. ஆட்டத்திற்கு வருவது அவரவர் விருப்பம் என மாவட்டம் வாதிட்டது. வீரரும் இசைக்குழுவினரும் வந்தே ஆக வேண்டும், மற்றவரும் ஊரின் ஆட்டத்தையா தம் மனச்சான்றையா என்று தேர்வு செய்ய நேரக் கூடாது எனக் கூறி 2000 இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கத்தைத் தடுத்தது.

மைனர்சுவில் அமைந்துள்ள அதே ஸ்கூல்கில் கவுன்டியில் உள்ளது மஹனாய் பகுதிப் பள்ளி மாவட்டம். 2017 இல் அங்கு 14 வயது மாணவி ஒருவருக்கு உற்சாகமூட்டும் முதன்மைக் குழுவில் இடம் கிடைக்கவில்லை. சனிக்கிழமையன்று ஒரு கடையில் இருந்தபடி, பள்ளியையும் குழுவையும் வசைச்சொல்லால் திட்டிப் படத்துடன் இணையத்தில் பகிர்ந்தார். பள்ளி அவரை ஓராண்டுக்கு இளையோர் குழுவில் இருந்தும் விலக்கியது. 2021 இல் உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் மாணவிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பள்ளிக்கு வெளியே மாணவர் பேசுவதை எப்போதும் தண்டிக்க இயலாது என்று நீதிமன்றம் கூறவில்லை. இப்பேச்சு அத்தகையது அன்று என்றது. அவருக்குக் கிடைத்த இழப்பீடு அடையாளமாக 1 டாலர். கொடியை வணங்க மறுத்த பிள்ளைகளும், குழுவில் இடம் கிடைக்காமல் வெகுண்ட பிள்ளையும் ஒரே கவுன்டியினர் என்பது தற்செயல்தான். ஆயினும் பள்ளிப்பற்றின் எல்லை எது என்பதற்கான விடையின் இரு முனைகள் அங்கே உள்ளன.

நிறப் பாகுபாடும் இழந்த பள்ளிகளும்

தென் மாநிலங்களில் சட்டப்படியே கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளிகள் இருந்தன. வர்சீனியாவின் பார்ம்வில் என்ற சிற்றூரில் கறுப்பின மாணவருக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் இடம் போதாமல், தார் பூசிய தாள் போர்த்திய கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. 1951 ஏப்ரல் 23 அன்று 16 வயது பார்பரா ஜோன்ஸ் தலைமையில் மாணவர் வேலைநிறுத்தம் செய்தனர். இதில் இருந்து எழுந்த வழக்கு, 1954 இல் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கிய பிரவுன் வழக்கின் ஐந்து வழக்குகளுள் ஒன்றானது. பிரின்சு எட்வர்டு கவுன்டி அத்தீர்ப்புக்குக் கீழ்ப்படிவதை விட 1959 முதல் 1964 வரை தன் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் மூடி வைத்தது.

தென் மாநிலங்களில் பரவலான ஒருங்கிணைப்பு 1960 களின் இறுதியிலேயே நிகழ்ந்தது. பெரும்பாலான ஊர்களில் மூடப்பட்டதும், நடுநிலைப் பள்ளியாகக் குறைக்கப்பட்டதும் கறுப்பினப் பள்ளியே. அதன் நிறங்கள், பாடல், சின்னம், கோப்பைகள் அத்துடன் மறைந்தன. தலைமை ஆசிரியர் பலர் பதவி இழந்தனர். நீதி கிடைத்த அதே ஆண்டில் தம் பள்ளியை இழந்த இம்மாணவர்கள், இன்றும் அப்பெயர்களிலேயே ஆண்டுக் கூடல்கள் நடத்துகின்றனர். பள்ளிப்பற்று பற்றிய பொதுவான விவரிப்புகளில் இது அரிதாகவே பேசப்படுகின்றது.

மாவட்டங்களின் இணைப்பு

1939-40 இல் நாட்டில் 1,17,000 க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருந்தன. இன்று அவற்றில் ஒன்பதில் ஒரு பங்குதான் எஞ்சியுள்ளது. நல்ல சாலையும் மஞ்சள் பேருந்தும் வந்தபின், ஓராசிரியர் பள்ளிகளை மூடிப் பெரிய பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல முடிந்தது. ஆய்வுக்கூடம், அயல்மொழிப் பாடம், தனித்தனிப் பாட ஆசிரியர் ஆகியன கிடைத்தன. இவை உண்மையான நன்மைகள். மறுபுறம் நீண்ட பயணமும், பள்ளியை இழந்த ஊரின் தேய்வும் நேர்ந்தன. மாலையில் ஆட்டம் இல்லாத ஊரில் உணவகத்திற்கும் கூட்டம் இல்லை.

பென்சில்வேனியாவில் 1960 களின் சட்டங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்களை ஏறத்தாழ ஐந்நூறாகக் குறைத்தன. பல பெயர்களில் உள்ள பகுதி என்ற சொல், பல ஊர்கள் இணைந்த அக்காலத்தை நினைவூட்டுகின்றது. ஆர்க்கன்சாவில் நிதிப் பங்கீடு பற்றிய வழக்கு ஒன்றைத் தொடர்ந்து, 350 க்கும் குறைவான மாணவர் கொண்ட மாவட்டங்கள் கட்டாயமாக இணைக்கப்பட வேண்டும் என்ற சட்டம் 2004 இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் வழக்கு தொடுத்த லேக் வியூ மாவட்டமே இல்லாமற் போயிற்று. 2015 இல் இவ்விதிக்கு விலக்குப் பெற வழி செய்யப்பட்டது. மூடாமல் தாக்குப்பிடிக்க வேறு சில மாவட்டங்கள் வாரத்திற்கு நான்கு நாள் பள்ளி முறைக்கு மாறியுள்ளன. கொலராடோவில் இதுவே பெரும்பான்மை.

இணைப்புப் பேச்சுகளில் வரி வீதம், பேருந்து வழித்தடம் ஆகியன கணக்கில் தீர்கின்றன. புதிய பள்ளியின் பெயர், நிறம், சின்னம் ஆகியவையே பெரும்பாலும் நெடு நேரம் பிடிப்பவை. எந்த ஊரின் பெயரும் இடம்பெறாத பொதுப் பெயரைத் தேர்வதும், இரு பழைய சின்னங்களையும் விடுத்துப் புதியதை ஏற்பதும் வழக்கமான தீர்வு. பென்சில்வேனியாவில் 2009 இல் மொனாகா, சென்டர் பகுதி என்ற இரு மாவட்டங்கள் யாருடைய கட்டாயமும் இன்றித் தாமாகவே இணைந்தன. அவை சென்ட்ரல் வேலி என்ற பெயரையும், போர்வீரர் என்ற அணிப் பெயரையும் ஏற்றன. அதனோடு அம்மாநிலத்தின் பள்ளி மாவட்டங்கள் 501 இல் இருந்து 500 ஆயின.